கைப்பிடிச் சட்டத்தில் மஞ்சள் துளிகள்

ஆகஸ்ட் 3

டாக்டரம்மாவுக்கு,

ஆராய்ச்சிப் பட்டமே இன்னும் வரவில்லை, அதற்குள் டாக்டரா என்று கேட்பாய். கேள். பதிமூன்று மாதம் கழித்து எழுதுகிறவன் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தாயிற்று. இது நான்காவது.

போன் பண்ணாதே. என் போனை விசாரணைக்கு என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். உன் அண்ணியின் போனுக்கும் வேண்டாம். பக்கத்தில் நின்று கேட்பாள். கேட்டுவிட்டுத் தூங்கமாட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியின் பின்கட்டடம் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாவது மாடியில் துணி காயப்போடும் வராந்தா. போன மாதம் இருபத்தொன்றாம் தேதி அதன் கைப்பிடிச் சட்டம் முறிந்து கஞ்சியக்கா கீழே விழுந்தாள். சலவை அறையில் துணிக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பாளே, அந்த அக்கா. உன்னைப் பார்த்ததும் ‘அண்ணன் மூக்கு அப்படியே இருக்கு’ என்று சொன்னவள். கீழே சிமெண்டுத் தரை. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கும்போதே உயிர் இல்லை.

ஐந்து நாள் மழை. அன்று காலைதான் விட்டது.

கட்டடத்தின் மரவேலை முழுக்க என் பொறுப்பு. அதனால் விசாரணையும் என்னைச் சுற்றித்தான். மூன்று பேர் குழு. ஒருவர் இன்ஜினியர், மரம் தெரிந்தவர். அவர் முறிந்த சட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றார். நிர்வாகம் அதை அன்று மாலையே அப்புறப்படுத்திவிட்டது. எங்கே என்று நான் கேட்கவில்லை. பாய்லர் புகை அன்று வேறு நிறத்தில் போனது.

வேறொன்றும் இல்லை. நீ போன வருஷம் வந்தபோது அந்தச் சட்டத்தின் அடியிலிருந்து மஞ்சளாக ஏதோ எடுத்துப் போனாய். கூழ் மாதிரி. அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா?

சும்மா கேட்கிறேன்.

அண்ணன்

~

ஆகஸ்ட் 8

அண்ணா,

நீ எதையும் சும்மா கேட்கிறவன் இல்லை. சின்ன வயதில் ‘சும்மா கேட்டேன்’ என்று நீ சொன்ன பிறகெல்லாம் என் பென்சில் பெட்டியில் ஏதாவது காணாமல் போகும்.

கஞ்சியக்காவை ஞாபகம் இருக்கிறது. ஒரே ஒரு மத்தியானம் பார்த்தவர். முழங்கை வரை வெளுத்துச் சுருங்கிய தோல். உன் கடிதத்தை மடித்து வைத்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். இரண்டு நாள் அதைத்தான் செய்தேன்.

நீ கேட்டது இருக்கிறது. ஹெர்பேரியத்தில். உலர்த்திய செடிகளையும் காளான்களையும் உறையிலிட்டு வைக்கும் அறை அது. நான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடம். ஆறாவது அலமாரி. மாதிரி எண் 4417.

அது கூழ் இல்லை. ஜெல்லிக் காளான். அதற்குக் குடையும் இல்லை, தண்டும் இல்லை. ஒரு சொட்டு, அவ்வளவுதான். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வெயில் அடித்தால் சுருங்கி, மரத்தின்மேல் காய்ந்த வார்னிஷ் பொட்டுப் போல ஆகிவிடும். விரல் பட்டாலும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் உப்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு வித்துக்காலும் கவண்கட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு நுனியிலும் ஒவ்வொரு வித்து. ஒரே காலில் இருந்து வந்தவை. விழும்போது தனித்தனியாக விழும்.

உனக்கு வேண்டியது இது இல்லை என்று தெரியும். உனக்கு வேண்டியது: வெளியே தெரியும் மஞ்சள் சொட்டு அதன் முழு உடம்பு இல்லை. உடம்பு மரத்துக்குள் இருக்கிறது, நூல் நூலாக. மரத்துக்கு வலு கொடுக்கும் பொருளை அது தின்றுகொண்டே போகும். மிஞ்சும் மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, கையில் பொடியும். மேல்தோல் மட்டும் நன்றாக இருக்கும். வித்து விடும் வயது வந்தால்தான் மஞ்சள் சொட்டு வெளியே வரும். அதற்குள் உள்ளே வெகு நாளாக வேலை நடந்திருக்கும்.

அதன் அறிவியல் பெயரின் முதல் பாதிக்கு ‘கண்ணீர்’ என்று பொருள். அதை வைத்து நான் எதுவும் எழுதப்போவதில்லை.

என்ன நடக்கிறது என்று முழுதாக எழுது.

தங்கை

~

ஆகஸ்ட் 12

தங்கச்சி,

வகுப்பு எடுத்திருக்கிறாய். நல்ல வகுப்பு. ஒரு வருஷம் தாமதம்.

முழுதாக எழுது என்றாய். எழுதுகிறேன். அவள் குதித்தாள் என்கிறார்கள்.

நிர்வாக அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரு டீயும் சொல்லிவிட்டுப் பேசினார். பத்து வருஷத்தில் அவர் எனக்கு டீ சொல்வது இதுதான் முதல் தடவை. ‘அந்தம்மாவுக்கு வீட்ல ஏதோ பிரச்சனையாம் மேஸ்திரி. சட்டத்து மேல ஏறி நின்னிருக்காங்க. ஆள் ஏறி நின்னா எந்தக் கட்டைதான் தாங்கும்? நீங்க மரம் உறுதியா இருந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்.’

டீயில் சர்க்கரை அதிகம். குடித்தேன்.

முப்பதாம் தேதி குழு முன்னால் வாக்குமூலம். மரம் உறுதி என்று நான் கையெழுத்துப் போட்டால் அவள் குதித்தாள் என்று ஆகும். போடாவிட்டால் என் கவனக்குறைவால் ஒரு உயிர் போயிற்று என்று ஆகும். அப்படி ஆனால் உள்ளே போகவேண்டியதுதான். இந்த வீடும் ஆஸ்பத்திரி கொடுத்தது. உன் அண்ணி எங்கே போவாள் என்று நீதான் சொல்லவேண்டும்.

இன்ஜினியர் சும்மா இருக்கிறவர் இல்லை. பழைய போட்டோ இருக்கிறதா, பழைய பலகை இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் துருவுகிறார். உங்கள் அலமாரிப் பட்டியல் முழுவதும் இணையத்தில் இருக்கிறது என்று நீ அன்று பெருமையடித்தாய். அதில் எங்கள் பின்கட்டடம், மூன்றாவது மாடி என்று தேதியோடு ஒரு வரி இருக்கும். சட்டத்தை எரித்துவிட்டார்கள். உன் உறை மட்டும்தான் மிச்சம்.

அதைத் தூக்கிப் போடு. ஆயிரக்கணக்கான உறை இருக்கும் இடத்தில் ஒன்று குறைந்தால் காளான் வம்சம் அழிந்துவிடாது. பூச்சி அரித்துவிட்டது என்று எழுதிக்கொள். அப்படி எழுதுவீர்கள் என்று நீதான் சொன்னாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். மரம் உள்ளே போய்விட்டது என்று அன்றே உனக்குத் தெரியும். என் பக்கத்தில்தான் நின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இன்றைக்குத் துணி தேய்த்துக்கொண்டிருப்பாள்.

கடிதத்தைக் கிழித்துவிடு.

அண்ணன்

~

ஆகஸ்ட் 17

அண்ணா,

கிழிக்கவில்லை. தாளைக் கிழிக்க எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு வார்த்தை. ஆமாம். அதைப் பற்றித்தான் எழுதவேண்டும். நான்கு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று தெரியாது. என்னிடம் இருப்பது இது. மழை விட்டு ஒரு மணி நேரம். நீ கட்டடத்தைச் சுற்றிக் காட்டினாய். வராந்தாவில் ஈரப் போர்வைகள். சட்டத்தின் அடியில் வரிசையாக மஞ்சள் சொட்டுகள். நான் மண்டியிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அறுத்து இழைத்து பெயின்ட் அடித்த மரத்தில் அதை நான் அதுவரை எடுத்ததில்லை.

நீ ஆட்களைக் கூப்பிட்டாய். உன் இரண்டு தச்சர்கள், ஒரு வார்டு ஆள், கஞ்சியக்கா. ‘இதுதான் என் தங்கச்சி. பதினெட்டு வருஷம் படிச்சு, இப்ப சளிக்குப் பேர் வைக்கிற வேலைக்குப் போயிருக்கா.’

எல்லோரும் சிரித்தார்கள். கஞ்சியக்கா மட்டும், ‘அதுக்கும் ஒரு ஆள் வேணுமே மேஸ்திரி. உங்க வீட்ல இருந்து போயிருக்கு, சந்தோஷப்படுங்க’ என்றார். அதற்கும் சிரித்தார்கள். பிறகு எடுத்ததைச் சுற்றிவைக்கத் தாள் வேண்டும் என்று நான் தேட, அவர்தான் தன் சலவைச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘அண்ணா, இந்தக் கட்டையை மாத்திடு.’ ஐந்து வினாடி ஆகியிருக்கும். அதை விழுங்கினேன். சளிக்குப் பேர் வைக்கிறவள் கட்டடத்தைப் பற்றி எதற்குப் பேசவேண்டும் என்று. அவனுக்கே தெரியட்டும் என்று. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைக்கு எழுதிப்போடலாம் என்று நினைத்தேன். மறுநாள் கோபம் இன்னும் கொஞ்சம் கெட்டியாகியிருந்தது. அப்புறம் அது ஒரு விஷயமாகவே இல்லாமல் போனது.

கோபமும் இப்படித்தான் போலிருக்கிறது. காய்ந்து, கையில் தட்டுப்படாமல். இதை எழுதும்போதே அடித்துவிடவேண்டும் என்று தோன்றியது. அடிக்கவில்லை.

என் பங்கு இது. முழுவதும்.

இப்போது உன் பங்கு. சொட்டைச் சுரண்டி எடுக்க என்னிடம் கத்தி இல்லை. நீ உன் மடக்குக் கத்தியை எடுத்து, ‘தள்ளு, நான் எடுக்கிறேன், கையை வெட்டிக்கப் போற’ என்று குனிந்தாய். கத்தியை வைத்து அழுத்தினாய். அழுத்தியது கொஞ்சம்தான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

உறையின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவோம். எந்த நாள், எந்த இடம், எந்த மரம், எடுக்கும்போது உடன் இருந்தவர் யார், வேறு குறிப்பு. உன்னையும் கஞ்சியக்காவையும் அதில் எழுதியிருக்கிறேன். இணையப் பட்டியலில் நாளும் இடமும்தான் வரும். கத்தியைப் பற்றிய குறிப்பு வராது. உறையில் மட்டும் இருக்கிறது. என் கையெழுத்து.

கத்தி எவ்வளவு தூரம் இறங்கியது, அண்ணா?

தங்கை

~

ஆகஸ்ட் 21

பிடிவரை.

போதுமா?

கை வழுக்கியது என்று நினைத்தேன். இருபது வருஷம் மரத்தில் கத்தி வைத்தவன். பைன் பலகை எவ்வளவு எதிர்க்கும் என்று கைக்குத் தெரியும். அன்றைக்கு ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே இழுத்தபோது அலகில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. பேண்டில் துடைத்தேன். நீ பார்த்துவிட்டாயோ என்று உன் பக்கம் திரும்பவில்லை. சிரிக்கிற கூட்டத்தின் முன்னால் மேஸ்திரியின் கட்டை உளுத்தது என்று ஆகிவிடுமே.

மாற்றியிருக்கலாம். அடுத்த வாரம் மேலிடத்து ஆய்வு. சட்டத்தைக் கழற்றினால் வராந்தாவை மூடவேண்டும். மூடினால் துணி காயாது, துணி இல்லாவிட்டால் ஆபரேஷன் நிற்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொன்னேன். கத்தி போன துளையில் மெழுகை வைத்து அடைத்து, பச்சைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். பளபளவென்று இருந்தது. ஆய்வுக்கு வந்தவர் அதைத் தட்டிப் பார்த்து, ‘பரவாயில்லையே’ என்றார்.

ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தொழில் பழக வரும் பையனுக்குக்கூட முதல் மாதம் சொல்லித்தருவோம், ஈர மரத்துக்குப் பெயின்ட் அடிக்காதே என்று.

மூன்றாம் மாதம் பெயின்டைப் பிளந்துகொண்டு மஞ்சள் வந்தது. மழைக்கு மழை வரும். பழந்துணியை எடுத்துப் போய்த் துடைப்பேன். துடைத்தால் போய்விடும். அப்புறம் வெயில் காலம். ஒன்றும் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உன் கடிதத்தில் படித்த பிறகுதான் தெரிந்தது, அது காய்ந்துகொண்டு அங்கேயேதான் இருந்தது என்று.

ஆனால் ஒன்று. கட்டை ஆடுகிறது, பயமாக இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு புகார் கிடையாது. வந்திருந்தால் பார்த்திருப்பேன்.

அவளுக்கு ஒரு மகள். இருபத்திரண்டு இருக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிரே பேக்கரியில் நிற்கிறாள். வேறு யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை என்னை ரோட்டில் நிறுத்தினாள். ‘மேஸ்திரி சார், அன்னைக்குக் காலைல அம்மாகூட சண்டை போட்டேன். கழட்டிப் போட்ட செருப்பைக் காணோம்னு ஒரு சண்டை. நீ இல்லாட்டி நான் நிம்மதியா இருப்பேன்னு சொல்லிட்டேன். அதனாலயா சார்?’

‘தெரியலம்மா’ என்றேன்.

தெரியல என்றேன், தங்கச்சி. அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் நான் கேட்பது அதேதான். முப்பதாம் தேதிக்கு முன்னால் அந்த உறை இருக்கக்கூடாது. எனக்காக இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். எனக்காகத்தான். ஜெயிலை நினைத்தால் கை வேலை செய்யமாட்டேன் என்கிறது. நேற்று ஒரு ஜன்னல் கொக்கியை முடுக்க அரை மணி நேரம் ஆனது.

அண்ணன்

~

ஆகஸ்ட் 25

அண்ணா,

அழிக்கத்தான் போனேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை. அறையில் யாரும் இல்லை. ஆறாவது அலமாரியைத் திறந்து 4417-ஐ எடுத்து மேஜையில் வைத்தேன். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் தொழில் வியாதி. சின்னக் கண்ணாடித் தட்டில் ஒரு துணுக்கைப் போட்டுத் தண்ணீர் விட்டேன். கருத்த மிளகுத்தோல் மாதிரி இருந்தது. நாற்பது நிமிடம். ஓரங்கள் முதலில் இளகின. பிறகு நிறம் வந்தது. பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள். கடைசியில் அன்றைக்கு வராந்தாவில் பார்த்த அதே சொட்டு. உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உருவம் திரும்பிவிட்டது.

மிச்சத்தையும் கொட்டிவிடலாம் என்று உள்தாளைப் பிரித்தேன்.

இதை விளக்கவேண்டும். எடுத்த இடத்தில் எதில் சுற்றினோமோ அந்தத் தாளை எறியக்கூடாது என்று எங்களுக்கு விதி. அப்படியே உறைக்குள் வைப்போம். எடுத்து வந்த அன்று அதை ஒரு ஓரத்தில் திறந்து, இடுக்கியால் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு மூடினேன். முழுதாகப் பிரிக்க எனக்குத் தேவை இருக்கவில்லை. நான் பார்க்க வேண்டியது காளானை.

அது கஞ்சியக்கா கிழித்துக் கொடுத்த தாள். ஆஸ்பத்திரி சலவைச் சீட்டு. எழுதிய பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. நீல மை. சில எழுத்துகளின் மேல் மஞ்சள் கறை. அப்படியே எழுதுகிறேன்.

‘ஜூலை 9. மேல் மாடி. போர்வை 14. விரிப்பு 22. தலையணை உறை 30.

குறிப்பு: வராந்தா கைப்பிடி ஆடுது. போர்வை போட பயமா இருக்கு. மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு. இது ரெண்டாவது தடவை. ஆபீஸ்ல பார்த்து செய்யவும்.’

இரண்டு தடவை படித்தேன்.

ஆபீசுக்குப் போகவேண்டிய தாள். எனக்கு அவசரமாகத் தாள் வேண்டும் என்றதும், எழுதி முடித்துக் கையில் வைத்திருந்ததைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். ‘இதை அப்புறம் மறுபடி எழுதிக்கலாம்’ என்றார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் மண்டியிட்டிருந்தபோது ‘பார்த்து, அதுல சாயாதீங்க’ என்றும் சொன்னார். ஈரக் கட்டை, துணி அழுக்காகும் என்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய புகாரில் காளானைச் சுற்றி, எண் போட்டு, நாப்தலின் உருண்டையோடு பதிமூன்று மாதம் பூட்டி வைத்திருந்தேன். மாதிரியின் நிறம், நீளம், அகலம் எல்லாம் குறித்திருக்கிறேன். அது எதில் கிடக்கிறது என்று பார்க்கவில்லை.

‘ஒரு புகார் கிடையாது’ என்று எழுதியிருக்கிறாய். மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்ட அதே கடிதத்தில். அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை.

முப்பதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். தாள் என் பையில் இருக்கும். மாதிரியும். உறையின் மேல் ஒட்டிய சீட்டும். வாக்குமூலம் பதினொரு மணிக்கு என்றால் பத்தேமுக்காலுக்கு அந்த அறை வாசலில் இருப்பேன். நீ உள்ளே போய் உண்மையைச் சொன்னால் நான் கொடுப்பது உனக்குத் துணை. சொல்லாவிட்டால் உனக்கு எதிர். எப்படியானாலும் கொடுப்பேன்.

என்னையும் கேட்பார்கள். மரம் கெட்டது என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று. ‘அண்ணன் கிண்டல் பண்ணினான்’ என்று பதில் சொல்லவேண்டும். அதை இந்த அறையில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அண்ணிக்கு என் அறையில் இடம் இருக்கிறது. கட்டில் ஒன்றுதான். நான் தரையில் படுப்பேன்.

தட்டில் போட்டது மறுபடி காய்ந்துகொண்டிருக்கிறது.

தங்கை

~

ஆகஸ்ட் 28

தங்கச்சி,

இது உன் கைக்கு வருவதற்குள் நீ ரயில் ஏறியிருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் வராது.

உன் கடிதம் மத்தியானம் வந்தது. அண்ணியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், என்னுடையதையும் சேர்த்து. அவள் என் சட்டையை எடுத்து, பட்டன் அறுந்திருந்ததைத் தைத்தாள். முப்பதாம் தேதிக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது.

பிறகு பேக்கரிக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். மகள் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

‘உங்க அம்மா குதிக்கலம்மா. கட்டை உள்ளே உளுத்துப்போயிருந்துச்சு. எனக்குத் தெரியும். போன வருஷமே தெரியும்.’

துடைப்பதை அவள் நிறுத்தவில்லை.

‘அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?’

‘சொன்னாங்க.’

‘எத்தனை தடவை?’

உன் தாளில் இரண்டு என்று இருக்கிறது. இரண்டு இல்லை. மூன்று.

முதல் தடவை நீ வருவதற்கு இரண்டு வாரம் முன்னால். ‘சரிக்கா’ என்றேன். இரண்டாவது நீ வந்த அன்று காலை. நீ போன மறுநாள் வந்து, ‘எழுதி வச்ச சீட்டைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன் மேஸ்திரி, திரும்ப எழுதிப் போடணும்’ என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். ‘ஆபீசுக்கெல்லாம் எதுக்குக்கா, நான் பார்த்துக்கிறேன்.’ அவள் எழுதவில்லை. என்னை நம்பினாள். நான் பெயின்ட் அடித்தேன்.

இதை மகளிடம் சொன்னேன். குழுவிடமும் சொல்லுவேன். நீ வாசலில் நில். உள்ளே என் வாயிலிருந்து முதலில் வரட்டும். அப்புறம் தாளைக் கொடு.

மூன்றாவது தடவை இருபத்தொன்றாம் தேதி. காலை எட்டு மணி. மழை கொட்டுகிறது. சலவை அறை வாசலில் ஐந்து நாள் துணி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அவள் என்னைப் பார்த்ததும், ‘மேஸ்திரி, அந்தக் கட்டை திரும்பவும் ஆடுது. இன்னைக்காவது ஒரு எட்டுப் பாருங்க’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

‘மழை நிக்கட்டும்க்கா’ என்றேன்.

பத்தரைக்கு நின்றது. அவள் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

அண்ணன்